தோற்ற பிள்ளையிடம் ‘நீதான் சிறந்தவள்’ என்று சொல்லலாமா?

கரையில் நிற்பவள்:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 13 வயது. எட்டு வயதில் நீச்சல் பழகத் தொடங்கினாள். 11, 12 வயதுகளில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் (வண்ணத்துப்பூச்சி நீச்சலில்) அவளுடைய வயதுப் பிரிவில் அவளை முந்த ஆளில்லை. கடந்த ஓராண்டாக நிலைமை மாறியிருக்கிறது. முன்பு அவளுக்கு ஐந்தாறு விநாடி பின்னால் வந்த பிள்ளைகள் இப்போது அவளுக்கு முன்னால் சுவரைத் தொடுகிறார்கள். சென்ற மாதம் நடந்த இறுதிப் போட்டியில் எட்டுப் பேரில் ஏழாவதாக வந்தாள். அவளுடைய சொந்தச் சிறந்த நேரத்தைவிட ஏறத்தாழ இரண்டு விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சுவரில் மாட்டியிருந்த பதக்கங்களையெல்லாம் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். “நான் எதற்கும் லாயக்கில்லை” என்றாள். அன்றிலிருந்து குளத்துப் பக்கம் போகவில்லை. அவளைத் தேற்றுவதற்காக, “நீதான் எல்லாரையும்விடச் சிறந்தவள், நீ நீந்துவதற்காகவே பிறந்தவள், ஒரு போட்டியில் என்ன வந்துவிட்டது?” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. “பொய் சொல்லாதே அம்மா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளையின் தன்னம்பிக்கை உடைந்துவிடக் கூடாது என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். எங்கே தவறினேன் என்பதைச் சொல்லுங்கள்.

தடகளப் பயிற்சியாளர்:

வணக்கம் அம்மா. இருபது ஆண்டுகளாகச் சிறுவர் சிறுமியருக்கு ஓட்டப் பயிற்சி அளித்து வருகிறேன். நீங்கள் சொன்ன வார்த்தைகளை நானும் எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்; அவற்றால் எந்தப் பிள்ளையும் தேறி நான் கண்டதில்லை. காரணம் எளிமையானது. நேரம் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. தான் ஏழாவது என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு எதிராக நீங்கள் ஒன்றைச் சொல்லும்போது, ‘உண்மையைத் தாங்கும் வலிமை எனக்கில்லை என்று அம்மா நினைக்கிறாள்’ என்பதுதான் அவள் காதில் விழுகிறது.

இதை நெதர்லாந்து ஆய்வாளர் எடி புருமெல்மனும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவாகக் காட்டினார்கள். தன்மதிப்பு குறைவாக உள்ள பிள்ளைகளைப் பெரியவர்கள் இயல்பாகவே மிகையாகப் புகழ்கிறார்கள். ஆனால் அந்த மிகைப்புகழ்ச்சியைக் கேட்ட பிறகு, கடினமான வேலையைத் தவிர்த்து எளிதானதைத் தேர்ந்தெடுப்பவர்களும் அதே பிள்ளைகள்தாம். எந்தப் பிள்ளைக்கு உதவ நினைத்து நாம் புகழ்கிறோமோ அந்தப் பிள்ளையையே அது பின்னுக்குத் தள்ளுகிறது.

ஆனால் தோற்ற அன்று நீங்கள் சொன்னதைவிட, அவள் வென்றுகொண்டிருந்த இரண்டு ஆண்டுகளில் வீட்டில் என்ன பேசப்பட்டது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1998இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய சோதனைகளில், முதலில் தந்த எளிய வடிவப் புதிர்களைச் சரியாகச் செய்தவர்களில் சிலரை ‘நீ அறிவாளி’ என்றும் சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்களைத் தந்து தோற்க வைத்தார்கள். அறிவாளி என்று புகழப்பட்டவர்கள் விரைவில் சோர்ந்தார்கள், அதற்குப் பின் வந்த எளிய புதிர்களிலும் சறுக்கினார்கள். வேறொரு பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதிக் காட்டச் சொன்னபோது அவர்களில் கணிசமானோர் கூட்டி எழுதினார்கள். வெற்றி ‘நான் யார்’ என்பதற்குச் சான்றானால் தோல்வியும் அதற்கே சான்றாகிவிடும் அல்லவா? உங்கள் மகள் பதக்கங்களை மறைத்ததை நான் அந்த வகையில்தான் புரிந்துகொள்கிறேன். அவற்றை எடுத்து மீண்டும் மாட்டிவிடாதீர்கள். அது அவள் செய்ய வேண்டியது.

முன்னாள் கோல்கீப்பர்:

பயிற்சியாளர் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனாலும் பேச்சைவிட முகம் பெரிது என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

பதினாறு வயதில் ஓர் அரையிறுதியில் என் கால்களுக்கிடையே பந்து புகுந்து நாங்கள் தோற்றோம். என் தந்தை என்னைத் திட்டவில்லை. வீடு வரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை, அவ்வளவுதான். வென்ற நாட்களில் வழியெல்லாம் ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வருவார். இந்த வேறுபாட்டை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு மணி நேரப் பயணத்தில், நான் பந்தைப் பிடித்தால் மட்டுமே அவருக்கு மகன் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அது உண்மையன்று என்பதை அவரே சொல்லிக் கேட்க எனக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. தானும் உடைந்துபோய் என்ன பேசுவதென்று தெரியாமல் இருந்ததாகச் சொன்னார்.

ஆகவே தாங்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அவள் ஏழாவதாகச் சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கியபோது பார்வையாளர் பகுதியில் தங்கள் முகம் எப்படி இருந்தது? போட்டி முடிந்த கணத்தில் எந்தப் பிள்ளையும் முதலில் நேரப் பலகையைப் பார்க்கும், அடுத்துத் தன் ஆட்களைத் தேடும்.

பழைய குத்துச்சண்டை வீரர்:

எனக்கு இந்த விவாதத்தின் போக்கில் உடன்பாடில்லை, மரியாதையோடுதான் சொல்கிறேன். எங்கள் காலத்தில் தோற்றால் பயிற்சியாளர் எல்லார் முன்னிலையிலும் திட்டுவார், மறுநாள் இரட்டிப்புப் பயிற்சி இருக்கும். அதில்தான் உரமேறினோம். பிள்ளையின் மனம் நோகுமோ என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பேசிக்கொண்டிருந்தால், எதிராளி அப்படி நிறுத்துப் பார்த்து அடிக்கப் போவதில்லை. பி.வி. சிந்துவைப் பாருங்கள். 2017 உலக பேட்மிண்டன் சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நொசோமி ஒகுஹாராவிடம் 110 நிமிடம் போராடித் தோற்றார். 2018இல் கரோலினா மரினிடம் மீண்டும் இறுதியில் தோற்றார். 2019இல் அதே ஒகுஹாராவை 21-7, 21-7 என்று வீழ்த்திப் பட்டம் வென்றார். தோல்வியைப் பிள்ளை முழுமையாக உணரட்டும். அதிலிருந்துதான் வெறி பிறக்கும்.

முன்னாள் கோல்கீப்பர்:

ஐயா, சிந்துவின் கதை உண்மை, பெருமைக்குரியது. ஆனால் தோற்றுப் பின் வென்றவர்களின் தோல்விகள் மட்டுமே நமக்குச் சொல்லப்படுகின்றன. என்னோடு அந்த அணியில் இருந்தவர்களில் திட்டு வாங்கி உரமேறியவர்கள் இருவர். திட்டு வாங்கி விளையாட்டையே விட்டுவிட்டவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களை யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்கள் மைதானத்தில் இல்லை. தோற்ற பிள்ளையிடம் ‘ஒரு நாள் உலகச் சாம்பியன் ஆவாய்’ என்னும் பொருளில் கதை சொன்னால், ஆகாவிட்டால் நீ யார் என்ற கேள்வி அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

பள்ளி உளவியல் ஆலோசகர்:

குத்துச்சண்டை வீரர் சொல்வதில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். தன்மதிப்பை நேரடியாக ஊதிப் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. கலிஃபோர்னியா மாநில அரசு 1986இல் இதற்கென்றே ஒரு பணிக்குழுவை அமைத்தது. உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்தபோது, உயர்ந்த தன்மதிப்பு சிறந்த செயல்திறனை உண்டாக்குகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. பல இடங்களில் நன்றாகச் செய்வதே தன்மதிப்பை உயர்த்துகிறது என்பதையே கண்டார்கள். எனவே புகழ்ந்து தூக்கிவிட முடியாது என்பது சரி.

ஆனால் திட்டி உரமேற்றலாம் என்பது அதிலிருந்து பெறப்படவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஸ்மித்தும் ஃபிராங்க் ஸ்மோலும் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களோடு பல ஆண்டுகள் பணியாற்றினார்கள். பருவம் தொடங்குமுன் சில மணி நேரப் பயிலரங்கு ஒன்றை நடத்தி, பிழை செய்த பிள்ளையைத் தண்டிக்காமல் முதலில் ஊக்கப்படுத்தி, பிறகு திருத்தும் வழியைச் சொல்லப் பழக்கினார்கள். அப்படிப் பழகிய பயிற்சியாளர்களின் அணிகள் மற்ற அணிகளைவிடக் கூடுதலாக வென்றுவிடவில்லை. ஆனால் 1992இல் வெளியான ஆய்வின்படி, அடுத்த ஆண்டு விளையாட்டைக் கைவிட்ட பிள்ளைகள் அவர்களிடம் 5 விழுக்காடு, மற்றவர்களிடம் 26 விழுக்காடு. பயிற்சியாளரின் நடத்தை மாறியதால் மிகுதியாகப் பயன்பெற்றவர்கள், தன்மதிப்பு குறைவாக இருந்த பிள்ளைகளே.

தாயாருக்கு இரண்டு செய்திகள். முதலாவது வயதைப் பற்றியது. சின்னஞ்சிறு பிள்ளைகள் முயற்சியையும் திறமையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதிகம் முயல்பவன் அதிகம் திறமையுள்ளவன் என்றே நினைக்கிறார்கள். ஏறத்தாழ 11, 12 வயதில்தான் அவை இரண்டும் வேறு என்பது முழுமையாகப் புரிகிறது என்று உளவியலாளர் ஜான் நிக்கல்ஸ் காட்டினார். அந்தப் புரிதலோடு ஒரு கசப்பான கணக்கும் வந்துசேர்கிறது: ‘நான் முழு மூச்சாக முயன்றும் தோற்றால், எனக்குத் திறமை இல்லை என்றுதானே பொருள்?’ ஆகவே எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும் ‘நீ நன்றாக முயன்றாய்’ என்னும் சொல், 13 வயதில் அவமானமாகக் கேட்கலாம். உழைப்பைப் பாராட்டினால் போதும் என்று டுவெக்கின் ஆய்வைச் சுருக்கிச் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த வயதுக்கு வேண்டியது பாராட்டு அன்று, துல்லியம்: எந்த இடத்தில், எதனால், எவ்வளவு இழந்தாள், அதில் எது அவள் கையில் இருக்கிறது என்பவை.

இரண்டாவது, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே எழுதிய ஒரு வாய்பாடு: ஒருவர் அடைந்ததை, அடைந்தே தீர வேண்டும் என்று அவர் நினைப்பதால் வகுத்தால் வருவதே தன்மதிப்பு. அந்த வகுத்தலில் கீழே இருக்கும் எண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நீச்சலைத் தவிர வேறெதுவும் கீழே இல்லாத பிள்ளைக்கு, நீச்சலில் இரண்டு விநாடி என்பது முழு வாழ்க்கையின் இரண்டு விநாடி. பிரிட்டன் புரூவரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் விளையாட்டு வீரன் என்னும் அடையாளத்தைப் பற்றி எழுதியபோது, அது கிரேக்கக் கதைகளில் வரும் ஹெர்குலிஸின் வலிய புயமா, அகிலிஸின் பலவீனமான குதிகாலா என்றே தலைப்பில் கேட்டார்கள். உழைக்க வைப்பதும் அதுதான், வீழ்த்துவதும் அதுதான்.

தூக்கம், உணவு, நண்பர்களோடு பழகுவது ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேலாகக் குலைந்திருந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்பது போன்ற பேச்சு ஒரு முறை வந்தாலோ, இங்கே கேட்டுக்கொண்டிராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது வேறு நிலை.

சதுரங்கப் பெண்:

எனக்கு 17 வயது; இந்த இழையில் பிள்ளைகள் தரப்பிலிருந்து யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். 2022 ஒலிம்பியாட்டில் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தான் வீரர் அப்துசத்தோரவுக்கு எதிராக வெல்ல வேண்டிய நிலையிலிருந்து தோற்றார். அப்போது அவருக்கு 16 வயது. முதல் பலகையின் (அணிகளின் முதல் இடத்தில் ஆடுபவர்களுக்கான) தனிநபர் தங்கம் அவருக்குக் கிடைத்தது, ஆனாலும் அவருடைய அணிக்குத் தங்கம் கைநழுவியது. அந்தப் படங்களில் அவர் மேசையை விட்டு எழ முடியாமல் தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பார். 2024 ஒலிம்பியாட்டில் அணியும் அவரும் தங்கம் வென்றார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் பார்ப்பது முதல் படத்தை மட்டும்தான். உலகின் முதல் பலகைத் தங்கத்தை வென்றவரும் அப்படி உட்கார்ந்திருந்தார் என்பது, வென்றார் என்பதைவிட எனக்குத் துணையாக இருக்கிறது.

நான் தோற்ற நாட்களில் எனக்கு மிகவும் உதவியது ஒரே ஒரு வழக்கம். அன்று ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. மறுநாள் நானே பலகையை எடுத்து வைத்து, ‘இந்த நகர்த்தல் வரைக்கும் சரியாக இருந்தது’ என்று தொடங்குவேன். அப்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். தோற்றவள் என்ற நிலையிலிருந்து தவறைத் தேடுபவள் என்ற நிலைக்கு நானாகவே மாற வேண்டும்; யாராவது இழுத்தால் முடியாது. அக்கா அவர்களின் மகள் கதவைச் சாத்திக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை, அவள் மீண்டும் திறப்பாள் என்பதிலும் ஐயமில்லை.

பழைய குத்துச்சண்டை வீரர்:

ஆலோசகர் தந்த எண்களைப் பற்றி இரண்டு நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். என்னோடு பயிற்சி தொடங்கியவர்களை எண்ணிப் பார்த்தேன். பெரும்பாலோர் ஓராண்டுக்குள் போய்விட்டார்கள். அவர்கள் மனத்திடம் இல்லாதவர்கள் என்றே இதுவரை நினைத்திருந்தேன். அவர்களில் ஒருவனுக்கு என்னைவிட நல்ல இடதுகை இருந்தது. கண்டிப்பு வேண்டும் என்ற கருத்தை நான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கண்டிப்பு வேறு, எல்லார் முன்னிலையிலும் சிறுமைப்படுத்துவது வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கரையில் நிற்பவள்:

எழுதிய அனைவருக்கும் நன்றி. கோல்கீப்பர் கேட்ட கேள்வியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் அவள் அறைக்குச் சென்று, எந்த ஆறுதலும் சொல்லாமல், “அன்று நீ தலையைத் தூக்கியபோது நான் எப்படி இருந்தேன்?” என்று மட்டும் கேட்டேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்” என்றாள். அழுகையை அவள் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் திருப்பினேன். அவளுக்கு அது என்னவாகத் தெரிந்தது என்பதை இப்போதுதான் அறிந்தேன். இருவரும் அழுதோம். “நீ வென்றபோதெல்லாம் உன்னைப் பற்றிப் பேசினேன், உன்னோடு பேசவில்லை, அது என் தவறு” என்றேன். அதற்கு அவள் பதில் எதுவும் சொல்லவில்லை, ஆனால் கதவையும் சாத்தவில்லை.

உண்பதும் உறங்குவதும் இயல்பாகவே இருக்கின்றன. ஆலோசகர் சொன்னபடி கவனித்து வருகிறேன்.

தடகளப் பயிற்சியாளர்:

அம்மா, ஒன்றை விசாரிக்க மறந்துவிட்டேன். கடந்த ஓராண்டில் அவள் எவ்வளவு உயர்ந்தாள்? பெண் பிள்ளைகளின் வளர்ச்சி வேகம் பொதுவாக 12 வயதையொட்டி உச்சத்துக்கு வருகிறது, ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பின் ஆகலாம். முன்னதாக வளர்ந்த பிள்ளை 11 வயதில் எல்லாரையும் முந்துவதும், மற்றவர்கள் வளர்ந்ததும் இடைவெளி மறைவதும் ஓட்டத்தில் நான் ஒவ்வோர் ஆண்டும் காண்பது. அன்றைய வெற்றியில் ஒரு பங்கு உடல் முந்தி வளர்ந்ததால் வந்தது. இன்றைய தோல்வியிலும் ஒரு பங்கு அதனால் வந்தது. இதை அவளிடம் சொல்லும்போது சாக்காகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். வென்றபோது யாரும் அவளுக்கு இதைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கரையில் நிற்பவள்:

அவள் பத்து வயதிலேயே மளமளவென்று வளர்ந்துவிட்டாள். சென்ற ஆண்டில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. உடன் நீந்தும் பிள்ளைகள் இப்போது அவளைவிட உயரம்.

தகவலாகவே சொன்னேன். “அப்படியானால் முன்பு நான் ஜெயித்ததெல்லாம் பொய்யா?” என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல், “சுவரைத் தொட்டுத் திரும்பும் உன் டர்ன் பொய்யில்லை, அதை நீ தினமும் பழகினாய்” என்றேன். சற்று நேரம் கழித்துத் தன் பயிற்சியாளரிடம் போட்டியின் காணொளியை வாங்கித் தரச் சொன்னாள். நேற்று அவளாகவே உட்கார்ந்து பார்த்தாள். சதுரங்கப் பெண் சொன்னது நினைவுக்கு வர, நான் அருகில் இருந்தேன், பேசவில்லை. முதல் 50 மீட்டரை முன்பு போலவே நீந்தியிருக்கிறாள். இழந்த இரண்டு விநாடியும் இரண்டாம் 50 மீட்டரில்தான். முதல் பாதியில் 26 ஸ்ட்ரோக் (கைவீச்சு), இரண்டாம் பாதியில் 33 என்று எண்ணிக் குறித்து வைத்திருக்கிறாள். பதக்கங்கள் இன்னும் கட்டிலுக்கடியில்தான் இருக்கின்றன. அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பதைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த 33ஐக் குறைப்பது எப்படி என்று இங்கே கேட்கச் சொன்னாள்.

தடகளப் பயிற்சியாளர்:

நான் ஓட்டக்காரன்; நீச்சலில் அவளுடைய பயிற்சியாளர் சொல்வதே இறுதி. ஆனால் ஓட்டத்தில் களைப்பு வந்ததும் அடி குறுகி எண்ணிக்கை கூடும்போது நாங்கள் நேரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுவோம். குறுகிய தூரங்களைத் திரும்பத் திரும்ப, அடி எண்ணிக்கை மாறாமல் ஓட வைப்போம். எண்ணிக்கை கூடத் தொடங்கியதும் அன்றைய பயிற்சி முடிந்தது. பட்டர்ஃப்ளையில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டு உதை; களைப்பு முதலில் இரண்டாவது உதையில்தான் தெரியும் என்று நீச்சல் பயிற்சியாளர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காணொளியில் இரண்டாம் பாதியின் எத்தனையாவது ஸ்ட்ரோக்கிலிருந்து அந்த உதை சுருங்குகிறது என்று அவளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.